கேஜ் மாறினால் காயிலில் என்னென்ன மாறும்

வேப் (மின்சிகரெட்) சாதனத்தில் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச்சுருள்தான் காயில், கேஜ் என்பது அந்தக் கம்பியின் பருமனைச் சொல்லும் எண். 3 மி.மீ. உள்விட்டம், 7 சுற்று, கான்தல் ஏ1 என்ற உலோகக் கலவைக் கம்பி. இந்தக் கணக்கில் 28 கேஜ் கம்பியைச் சுற்றினால் காயில் ஏறத்தாழ 1.5 ஓம் காட்டும். 26 கேஜில் 0.96, 24 கேஜில் 0.62, 22 கேஜில் 0.40. சுற்றும் உள்விட்டமும் அப்படியே இருக்க, கம்பியின் பருமன் மட்டும் மாறியதில் ஓம் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

காயில் கட்டப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். "0.6 ஓம் வேண்டும், எந்தக் கம்பி, எத்தனை சுற்று?" என்றுதான் கேள்வி வருகிறது. 0.6 ஓமை 26 கேஜில் நாலே சுற்றில் கட்டிவிடலாம். 22 கேஜில் கட்டப் பதினொரு சுற்று வேண்டும். இரண்டும் மீட்டரில் ஒரே எண்ணைக் காட்டும், ஆனால் ஒரே மாதிரி வேலை செய்யாது. ஒன்று பட்டனைத் தொட்டதும் சூடாகி, காயிலுக்குள் திரவத்தை உறிஞ்சி வைத்திருக்கும் காட்டனைக் கருக்கும், மற்றது அதே வாட்டில் மந்தமாகக் கிடக்கும். ஓம் என்பது கடைசியில் கிடைக்கும் விடை. முதலில் தீர்மானிக்க வேண்டியவை கம்பியின் பருமனும் அதற்குக் கொடுக்கப்போகும் வாட்டும்தான். இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்ற குழப்பங்களில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

கேஜ் எண்ணும் பருமனும்

கம்பியின் மின்தடை அதன் நீளத்தோடு நேராக ஏறும், குறுக்குவெட்டுப் பரப்போடு தலைகீழாக இறங்கும். பரப்பு விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. அதனால் விட்டம் இரு மடங்கானால் மின்தடை கால் பங்காகும். விட்டத்தில் 5 சதவீதம் பிசகினால் ஓமில் 10 சதவீதம் பிசகும். காயில் கணக்குகள் நடைமுறையில் ஒத்துவராமல் போவதற்கு முதல் காரணம் இந்த இருமடிதான்.

ஏ.டபிள்யூ.ஜி. (அமெரிக்கக் கம்பி அளவுமுறை) கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். மி.மீ. கணக்கில் 22 கேஜ் 0.644, 24 கேஜ் 0.511, 26 கேஜ் 0.405, 28 கேஜ் 0.321, 30 கேஜ் 0.255. இதில் மனப்பாடமாக வைத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. கேஜ் எண் 3 கூடினால் குறுக்குவெட்டுப் பரப்பு பாதியாகும், மீட்டருக்கான ஓம் இரு மடங்காகும். 6 கூடினால் விட்டம் பாதியாகும், ஓம் நாலு மடங்காகும். 22 கேஜிலிருந்து 28 கேஜுக்குப் போனால் நாலு மடங்கு வர வேண்டும். மேலே சொன்ன காயிலில் அது 3.7 மடங்காகத்தான் வந்தது. தடித்த கம்பியைச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் பெரிய வட்டமாகி, நீளம் கூடிவிடுவதுதான் அந்த வித்தியாசம்.

வாங்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். கேஜ் என்ற பெயரில் இரண்டு அளவுமுறைகள் புழங்குகின்றன. வேப் கம்பிச் சுருள்களில் பெரும்பாலும் ஏ.டபிள்யூ.ஜி. இருக்கும். ஹீட்டர் வேலைக்காக விற்கும் நைக்ரோம் (நிக்கல்-குரோமியக் கலவை) கம்பிகளில் எஸ்.டபிள்யூ.ஜி. (பிரிட்டிஷ் அளவுமுறை) இருக்கலாம். 26 எஸ்.டபிள்யூ.ஜி. என்பது 0.457 மி.மீ. அதே எண்ணுள்ள ஏ.டபிள்யூ.ஜி. கம்பியைவிட இது தடித்தது, மீட்டருக்கான மின்தடை 21 சதவீதம் குறைவு. 1 ஓம் எதிர்பார்த்துக் கட்டியவருக்கு 0.8 வரும், ஏன் என்றும் தெரியாது. சுருளின் மேல் மி.மீ. அளவு அச்சிட்டிருந்தால் அதை மட்டும் நம்புங்கள்.

உலோகம்

ஒரே பருமனில் வெவ்வேறு உலோகங்கள் வெவ்வேறு ஓம் தரும். 1 மீட்டர் நீளமும் 1 சதுர மி.மீ. குறுக்குவெட்டும் உள்ள கம்பி எத்தனை ஓம் காட்டும் என்ற எண்ணை வைத்து ஒப்பிடுவது எளிது. கான்தல் ஏ1 1.45, நைக்ரோம் 80 ஏறத்தாழ 1.09, எஸ்.எஸ். 316எல் (ஒரு வகைத் துருப்பிடிக்காத எஃகு) ஏறத்தாழ 0.75. இந்த எண்ணைக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை ஓம் என்று வந்துவிடும்.

கான்தல் ஏ1-க்கு மீட்டருக்கான ஓம்: 22 கேஜ் 4.45, 24 கேஜ் 7.1, 26 கேஜ் 11.3, 28 கேஜ் 17.9, 30 கேஜ் 28.5. நைக்ரோம் 80 என்றால் இவற்றை 0.75-ஆல் பெருக்குங்கள். எஸ்.எஸ். 316எல் என்றால் 0.52-ஆல் பெருக்குங்கள். வேறு பட்டியல் தேவையில்லை.

இனிக் காயிலின் நீளம். ஒரு சுற்றின் நீளம் உள்விட்டத்தை வைத்து வராது, கம்பியின் நடுக்கோட்டை வைத்து வரும். உள்விட்டத்தோடு கம்பியின் விட்டத்தைக் கூட்டி 3.14-ஆல் பெருக்க வேண்டும். 3 மி.மீ. ஜிக்கில் (காயிலைச் சுற்றும் தண்டு) 26 கேஜ் என்றால் 3.405 × 3.14, அதாவது 10.7 மி.மீ. ஏழு சுற்றுக்கு 75 மி.மீ. திருகில் பொருத்த நீட்டிவிடும் இரண்டு கால்களுக்கும் சேர்த்து 10 மி.மீ. கூட்டினால் 85 மி.மீ. இதை மீட்டருக்கு 11.3 ஓமோடு பெருக்கினால் 0.96. கால்களை மறந்துவிட்டால் விடை 0.85 என்று வரும். பலருடைய கணக்கு இங்கேதான் தவறுகிறது.

நடைமுறையில் இன்னும் சுருக்கமான வழி, ஒரு சுற்றுக்கு எத்தனை ஓம் என்று தெரிந்து வைத்துக்கொள்வது. 3 மி.மீ. உள்விட்டத்தில் கான்தல் 28 கேஜ் சுற்றுக்கு 0.19, 26 கேஜ் 0.12, 24 கேஜ் 0.08, 22 கேஜ் 0.05. கட்டிய காயில் 0.1 ஓம் கூடுதலாக இருந்தால், 26 கேஜில் ஒரு சுற்றைக் குறைத்தால் போதும், 22 கேஜில் இரண்டு சுற்றைக் குறைக்க வேண்டும். கால்கள் எந்தப் பக்கம் வெளியே வருகின்றன என்பதும் கணக்கில் சேரும். இரண்டு காலும் ஒரே பக்கம் வந்தால் முழுச் சுற்று, எதிரெதிர்ப் பக்கம் வந்தால் அரைச் சுற்று கூடும் அல்லது குறையும். மெல்லிய கம்பியில் அந்த அரைச் சுற்றே 0.09 ஓம்.

பெயர் தெரியாத கம்பி கையில் இருந்தால்

சுருளின் லேபிள் கிழிந்துபோன கம்பி எல்லோரிடமும் ஒன்றாவது இருக்கும். அதை ஊகித்துக் கட்டக் கூடாது. முதலில் காந்தத்தைக் காட்டுங்கள். கான்தல் இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்தது, காந்தத்தில் ஒட்டும். நைக்ரோம் 80-ம் எஸ்.எஸ். 316எல்-ம் ஒட்டாது.

அடுத்து விட்டம். மைக்ரோமீட்டர் இருந்தால் நல்லது. சாதாரண வெர்னியரில் 0.02 மி.மீ. பிசகு சகஜம், 26 கேஜில் அதுவே ஓமில் 10 சதவீதம். மைக்ரோமீட்டர் இல்லாவிட்டால் ஒரு கம்பித்தண்டில் 20 சுற்று இடைவெளியில்லாமல் நெருக்கிச் சுற்றி, மொத்த அகலத்தை அளந்து 20-ஆல் வகுங்கள். 26 கேஜ் என்றால் 8.1 மி.மீ. வரும், 24 கேஜ் என்றால் 10.2.

பிறகு சரியாக 50 செ.மீ. கம்பியை நேராக நீட்டி மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அது காட்டும் 0.1 முதல் 0.3 ஓம் வரையான எண்ணைக் குறித்துக் கழித்துக்கொள்ள வேண்டும். 26 கேஜ் கம்பி 50 செ.மீ.க்கு 5.6 ஓம் காட்டினால் கான்தல் ஏ1, 4.2 காட்டினால் நைக்ரோம் 80, 2.9 காட்டினால் எஸ்.எஸ். 316எல். இவை எதற்கும் பக்கத்தில் வராத கம்பியை ஒதுக்கி வையுங்கள். என்ன உலோகம், மேலே என்ன பூச்சு என்று தெரியாத ஒன்றைச் சூடாக்கி அதன் ஆவியை உள்ளிழுக்கக் கூடாது.

எடையும் சூடும்

பருமன் பற்றிய பேச்சில் நிறையப் பேர் கவனிக்காமல் விடும் பகுதி இது. தடித்த கம்பியில் உலோகம் அதிகம், அதைச் சூடாக்க ஆற்றலும் அதிகம் வேண்டும். அடி கனத்த பாத்திரம் அடுப்பில் மெதுவாகச் சூடாகி, இறக்கிய பிறகும் சூட்டை விடாமல் வைத்திருக்கும், அதே சங்கதிதான்.

மேலே சொன்ன ஏழு சுற்றுக் காயில்களையே எடுத்துக்கொள்வோம். கான்தலின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 7.1 கிராம். 26 கேஜ் காயில் கால்களோடு சேர்த்து சுமார் 78 மில்லிகிராம், 22 கேஜ் காயில் 208 மில்லிகிராம். வெப்பநிலையை 200 டிகிரி உயர்த்த முதலாவதற்கு ஏறத்தாழ 7 ஜூல் போதும், இரண்டாவதற்கு 19 ஜூல் வேண்டும். இரண்டுக்கும் 20 வாட் கொடுத்தால் 26 கேஜ் மூன்றில் ஒரு விநாடியில் அங்கே போய்விடும், 22 கேஜுக்கு ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். இது உலோகத்துக்கு மட்டுமான கணக்கு. ஈரமான காட்டன் சூட்டை இழுத்துக்கொள்வதால் நிஜத்தில் இன்னும் தாமதமாகும். பட்டனை அழுத்தியதும் ஆவி வராமல், இழுப்பின் கடைசியில்தான் வருகிறது என்றால் காரணம் இதுவே.

ஓமை மாற்றாமல் பருமனை மட்டும் கூட்டினால் நிலைமை இன்னும் கடுமையாகும். அதே ஓமைப் பிடிக்க நீளம் விட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூட வேண்டும். குறுக்குவெட்டும் இருமடிக்கு ஏற்பக் கூடியிருக்கிறது. ஆக எடை விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 0.6 ஓம் கான்தல் காயிலுக்கு 24 கேஜில் 85 மி.மீ. கம்பி போதும், 22 கேஜில் 135 மி.மீ. வேண்டும், உலோகம் இரண்டரை மடங்கு. பதினொரு சுற்று நெருக்கமாகச் சுற்றினாலே காயிலின் அகலம் 7 மி.மீ. தாண்டும். பல டெக்குகளில் (காயிலைப் பொருத்தும் தளம்) அது உட்காராது, உட்கார்ந்தாலும் காற்றுத்துளைக்கு வெளியே நீண்டு நிற்கும். தடித்த கம்பிக்கு அதிக ஓம் கேட்பது தவறான கோரிக்கை. 22 கேஜின் இயல்பான இடம் 0.4-க்குக் கீழேதான்.

இந்தத் தாமதம் ரெகுலேட்டட் மோடில் (வாட்டை மின்னணுச் சுற்று கட்டுப்படுத்தும் பேட்டரிச் சாதனம்) வாட்டை ஒரே எண்ணில் வைத்திருக்கும்போதுதான் தெரியும். மின்னணுச் சுற்று இல்லாமல் பேட்டரியை நேராகக் காயிலோடு இணைக்கும், வோல்ட் மாறாத மெக் மோடில் கதை வேறு. அங்கே ஓம் குறையக் குறைய வாட் தானாக ஏறும். முழு சார்ஜில் 4.2 வோல்ட் என்று வைத்தால் 0.96 ஓம் காயில் 18 வாட் எடுக்கும், 0.40 ஓம் காயில் 44 வாட் எடுக்கும். எடை கூடிய அளவுக்கு வாட்டும் கூடிவிடுவதால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே 0.4 விநாடியில் சூடேறும். மெக் மோடில் சூடேறும் வேகத்தைத் தீர்மானிப்பது கம்பியின் நீளம், பருமன் அல்ல. "தடித்த கம்பி மந்தம்" என்று ஒருவரும் "என் 22 கேஜ் சட்டென்று பிடிக்கிறதே" என்று இன்னொருவரும் வாதிட்டால், இருவர் கையிலும் இருக்கும் மோடுகளைப் பாருங்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கும். மெக் மோடில் இந்த வேகத்துக்கான விலையை பேட்டரி ஆம்பியராகக் கட்டுகிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எத்தனை வாட்

வாட்டைத் தீர்மானிக்க ஓம் உதவாது, காயிலின் வெளிப்பரப்பு உதவும். சுற்றிய பகுதியின் நீளத்தைக் கம்பியின் விட்டத்தாலும் 3.14-ஆலும் பெருக்கினால் பரப்பு வரும். 26 கேஜ் ஏழு சுற்றில் 95 சதுர மி.மீ., 24 கேஜில் 124, 22 கேஜில் 162. ஒரு சதுர மி.மீ.க்கு 200 மில்லிவாட்டை ஒட்டி ஆரம்பிப்பது நல்ல பழக்கம். அப்படிப் பார்த்தால் 26 கேஜ் காயிலுக்கு 19 வாட், 24 கேஜுக்கு 25, 22 கேஜுக்கு 32. அங்கிருந்து இரண்டிரண்டு வாட்டாக மேலே போகலாம். சதுர மி.மீ.க்கு 300 மில்லிவாட் தாண்டும்போது காட்டன் ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் வேகம் போதாமல் போக ஆரம்பிக்கும். திரவம் கெட்டியாக இருந்தால் அதற்கு முன்பே போதாமல் போகும். 22 கேஜ் காயிலை 15 வாட்டில் ஓட்டினால் சதுர மி.மீ.க்கு 100 மில்லிவாட்டுக்கும் கீழே நிற்கும், வெதுவெதுப்பாக ஈரம்தான் வாயில் வரும். அது காயிலின் குறையல்ல, வாட் போதவில்லை.

வாயில் இழுத்துப் பிறகு உள்ளே எடுக்கும் இறுக்கமான டேங்குக்கு (திரவமும் காயிலும் இருக்கும் பகுதி) கான்தல் 28 கேஜ், 2.5 மி.மீ. உள்விட்டம், 6 சுற்று. கணக்கில் 1.13 ஓம் வரும், பரப்பு 54 சதுர மி.மீ., 11 வாட்டில் நிறைவாக ஓடும். அந்த வாட்டுக்கு 3.5 வோல்ட்தான் வேண்டும், சின்ன சாதனமும் தாங்கும். நேராக நுரையீரலுக்கு இழுக்கும் இரட்டைக் காயில் டெக்குக்கு நைக்ரோம் 80-ல் 24 கேஜ், 3 மி.மீ., 6 சுற்று, இரண்டு காயில். ஒவ்வொன்றும் 0.40, இணையாக 0.20 ஓம், 45 முதல் 50 வாட். நைக்ரோமில் நிக்கல் இருக்கிறது, எஸ்.எஸ். 316எல்-லிலும் இருக்கிறது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் கான்தலோடு இருப்பதே சரி.

வெப்பநிலைக் கட்டுப்பாட்டு முறைக்குக் கான்தல் பயன்படாது. சூடானாலும் அதன் ஓம் அசைவதில்லை, மோடால் வெப்பநிலையைக் கணிக்க முடியாது. எஸ்.எஸ். 316எல் 250 டிகிரியில் ஏறத்தாழ 20 சதவீதம் ஏறும். ஆகவே அதைக் கட்டியதும் நன்றாக ஆறவிட்டு, அறை வெப்பநிலையில் மட்டும் மோடில் ஓமைப் பூட்ட (அடிப்படை எண்ணாகப் பதிய) வேண்டும்.

முறுக்கிய கம்பியும் கிளாப்டனும்

இரண்டு 28 கேஜ் கம்பிகளைச் சேர்த்து முறுக்கினால் மீட்டருக்கான ஓம் பாதியாகி 25 கேஜ் கம்பிக்குச் சமமாகும். மூன்று கேஜ் விதியே இங்கேயும். முறுக்கு இறுக இறுகக் கம்பியின் நீளம் கூடுவதால் ஓம் கொஞ்சம் ஏறும். பரப்பு மட்டும் தனி 25 கேஜைவிட அதிகம் கிடைக்கும்.

கிளாப்டனில் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. 26 கேஜ் நடுக்கம்பியின் மேல் 36 கேஜ் கம்பியை நெருக்கிச் சுற்றினால் ஓம் நிறையக் குறையும் என்று நினைக்கிறார்கள். நடுக்கம்பியின் ஒவ்வொரு மி.மீ.க்கும் மேல்கம்பி 13 மி.மீ.க்கு மேல் சுற்றி வருகிறது, அதுவும் மயிரிழைக் கம்பி. அது எடுக்கும் மின்சாரம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே கிளாப்டனின் ஓமை நடுக்கம்பியை மட்டும் வைத்துக் கணக்கிடுங்கள், சுற்றின் விட்டத்துக்கு மட்டும் முழுப் பருமனான 0.66 மி.மீ.யைக் கூட்டுங்கள். எடையோ இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும். ஓம் 26 கேஜ் மாதிரி, நடத்தை 22 கேஜ் மாதிரி. மேல்கம்பியின் வரிகளுக்கிடையே திரவம் தங்குவதால் சுவை நன்றாக இருக்கும், உண்மைதான். ஆனால் சின்ன சாதனத்தில் 15 வாட்டில் கிளாப்டன் போடுவது வீண்.

சுற்றும்போதும் பொருத்தும்போதும்

மெல்லிய கம்பி ஸ்பிரிங் போலத் துள்ளும். கான்தலாக இருந்தால் சுற்றுவதற்கு முன் சின்ன டார்ச் தீயில் சிவக்கக் காட்டி ஆறவிட்டால் அந்தத் துள்ளல் போய்விடும். 12 முதல் 15 செ.மீ. வெட்டி, ஒரு முனையை இடுக்கியில் பிடித்து, இழுத்த இழுப்பு தளராமல் சுற்றுங்கள். 22 கேஜில் ஜிக்கை விட்டதும் காயில் கொஞ்சம் விரிந்துகொள்ளும். உள்விட்டம் கூடினால் ஓமும் கூடும்.

திருகில்தான் பருமனின் இன்னொரு முகம் தெரியும். 30, 32 கேஜ் கம்பியைத் திருகு அறுத்துவிடும், உடனே அறுக்காவிட்டாலும் பாதி நசுங்கி அங்கே தனியாகச் சிவக்கும். தொடும் வரை திருகி, அதற்கு மேல் கால் திருப்பு போதும். 22 கேஜ் கம்பியை அரைகுறையாக இறுக்கினால் சூடாகி ஆறும்போது தளரும், ஓம் எண் அலைபாயும். அதை நன்றாக இறுக்க வேண்டும். கால் மிச்சத்தை போஸ்ட்டோடு (கால்களைப் பிடிக்கும் திருகுத் தூண்) ஒட்ட வெட்டுங்கள். மிச்ச நுனி டெக்கையோ மூடியையோ தொட்டால் ஷார்ட்.

பொருத்தியதும் முதலில் ஓம் பாருங்கள், பிறகுதான் சூடாக்கல். மெல்லிய காயிலை 10 வாட்டில், தடித்ததை 20 வாட்டில் ஒரு விநாடி அழுத்தி விடுங்கள். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பரவிச் சிவக்க வேண்டும். புதுக் கம்பியில் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டு மின்சாரம் குறுக்கே பாயும். அதனால் ஓம் குறைவாகக் காட்டும், அங்கங்கே திட்டுத்திட்டாக எரியும். செராமிக் இடுக்கியால் காயிலை மெல்ல வருடி, நெருக்கி, மறுபடி சூடாக்குங்கள். கான்தலின் மேல் அலுமினியம் ஆக்சைடு படலம் உருவாகிச் சுற்றுகளைப் பிரித்துவிடும். அதன் பிறகு எண் நிலைக்கும். ஒரு கால் மட்டும் முதலில் சிவந்தால் அந்தக் கால் நீளம், அல்லது அந்தத் திருகு சரியாகப் பிடிக்கவில்லை. டைட்டானியத்தையும் சுத்த நிக்கல் கம்பியையும் இப்படிக் காட்டனில்லாமல் சிவக்க வைக்கவே கூடாது.

இரட்டைக் காயிலில் இரண்டும் ஒரே கேஜ், ஒரே சுற்று, ஒரே கால் நீளமாக இருக்க வேண்டும். 0.40-ம் 0.44-ம் இணைந்தால் குறைந்த ஓமுள்ளது 10 சதவீதம் அதிக வாட் எடுக்கும், அந்தப் பக்கக் காட்டன்தான் முதலில் கருகும்.

குறைந்த ஓம், அளவீடு, பேட்டரி

1 ஓம் காயிலில் திருகுத் தொடர்பின் 0.03 ஓம் யாருக்கும் தெரியாது. 0.2 ஓம் காயிலில் அதுவே 15 சதவீதம். தடித்த கம்பி கட்டுகிறவர்கள் போஸ்ட்டின் துளையையும், டேங்கை மோடில் திருகும் 510 முனையையும் துடைத்து வைக்க வேண்டியது இதற்காகத்தான். சாதாரண மல்டிமீட்டர் இந்த அளவில் நம்பகமில்லை, காயிலுக்கென்று உள்ள ஓம் மீட்டர் வேண்டும். மெக் மோடு வைத்திருப்பவர்களுக்கு அது விருப்பப் பொருள் அல்ல, கட்டாயம்.

ரெகுலேட்டட் மோடில் பேட்டரியிலிருந்து போகும் மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது வாட், காயிலின் ஓம் அல்ல. ஒற்றை பேட்டரியில் 50 வாட் என்றால், பேட்டரி 3.3 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும்போது, மோடின் திறனை 90 சதவீதம் என்று வைத்து, 50-ஐ 3.3-ஆலும் 0.9-ஆலும் வகுங்கள்: 17 ஆம்பியர். பேட்டரி காலியாகக் காலியாக இது ஏறும். 20 ஆம்பியர் தொடர்ச்சியாகத் தாங்கும் செல்லுக்கு இது எல்லைக்குப் பக்கம்.

மெக் மோடில் 4.2-ஐக் காயிலின் ஓமால் வகுத்தால் ஆம்பியர். மேலே சொன்ன 0.20 ஓம் இரட்டைக் காயிலை மெக் மோடில் போட்டால் 21 ஆம்பியர், 88 வாட். ரெகுலேட்டட் மோடில் 50 வாட்டில் அடங்கி ஓடிய அதே காயில், இங்கே 20 ஆம்பியர் செல்லின் எல்லையைத் தாண்டிவிட்டது. உற்பத்தியாளர் சொல்லும் தொடர் ஆம்பியரில் 80 சதவீதத்துக்குள் நில்லுங்கள். 20 ஆம்பியர் செல் என்றால் 16 ஆம்பியர், அதாவது 0.27 ஓமுக்குக் கீழே போகாதீர்கள். உறையில் அச்சிட்ட 'பல்ஸ்' (கணநேர ஆம்பியர்) எண்ணை இதற்குக் கணக்கில் எடுக்கக் கூடாது. உறை கிழிந்த செல்லைப் போடக் கூடாது. டேங்கின் நடு ஊசி செல்லை நேராகத் தொடும் ஹைப்ரிட் மூடியுள்ள மோடில் அந்த ஊசி வெளிப்பக்கம் தெளிவாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் செல்லின் இரண்டு முனைகளும் நேராக ஷார்ட் ஆகும். வேப் சாதனங்களுக்குத் தடையோ வயது வரம்போ பல நாடுகளில் உண்டு, நிகோடின் பழக்கமாகிவிடும் பொருள். அதையும் கணக்கில் வைத்துத்தான் கம்பியைக் கையில் எடுக்க வேண்டும்.

காட்டனைப் பொறுத்தவரை பருமன் ஒரே ஒரு இடத்தில் குறுக்கிடுகிறது. 30 கேஜ் காயிலுக்குள் காட்டனை இறுக்கி இழுத்தால் சுற்றுகள் விலகி, கால்கள் வளைந்து, ஓம் எண் மாறிவிடும். மெல்லிய கம்பியில் ஜிக் தண்டைக் காயிலுக்குள் விட்டு ஒருமுறை நேராக்கிவிட்டு, காட்டன் முனையைக் கூராக முறுக்கி, லேசான பிடிப்போடு நுழையும் அளவுக்கே எடுங்கள். 22, 24 கேஜ் காயில் அசையாது, இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகப் போடலாம். காட்டன் போட்டு நனைத்த பிறகு ஓமை மறுபடி பாருங்கள். போடுவதற்கு முன் இருந்ததிலிருந்து 0.02-க்கு மேல் மாறியிருந்தால், காட்டனை எடுத்துவிட்டுத் திருகையும் சுற்றுகளையும் சரிபார்த்த பிறகே வாட்டை ஏற்றுங்கள்.